சோலைக்குப் போன வகுப்பு

பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று திரும்பிய உபாத்தியாயரிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். பாவம், அவர் பார்த்ததெல்லாம் தலைகள்தான். பஸ்ஸில் ஏறும்போது எண்ணுகிறார், இறங்கும்போது எண்ணுகிறார், நடுவில் யாராவது தும்மினாலும் ஒரு தடவை எண்ணிக்கொள்கிறார். கீழ் கோத்தகிரியிலிருந்து ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 34 பேரை லாங்வுட் சோலைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்ட அன்று என் நிலைமையும் அதுவே.

ரவீந்திரநாத் தாகூர் 1901-ஆம் வருஷம் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கி, மரத்தடியில் வகுப்பு நடத்தினார். கையால் செய்து கற்பதே கல்வி என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் வற்புறுத்தினார். அம்மகான்களின் வாக்கில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் அட்டைக் கடிக்கு உப்பு எடுத்துப் போவது, காட்டெருமை குறுக்கே நின்றால் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பது முதலிய விஷயங்களை நாங்களாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பஸ் கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம், "காடு எப்போது வரும், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி ஆச்சரியத்துடன் என்னைப் பார்த்தாள்.

"காடு வந்து ரொம்ப நேரமாச்சே, ஸார்! இரண்டு பக்கமும் காடுதானே?"

இரண்டு பக்கமும் இருந்தது தேயிலை. நான் சிரித்துவிட்டேன்; பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். தேயிலை பறிக்கும் தாய்மார் தோட்டத்துக்குப் போவதைக் 'காட்டுக்குப் போகிறேன்' என்றுதானே சொல்லுகிறார்கள்? அந்தச் சிறுமியின் பாட்டி இலங்கையில் கொழுந்து பறித்தவள். 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. மூன்று தலைமுறையாகப் பச்சையைத் தவிர வேறொன்றும் பார்த்தறியாத குழந்தையிடம், 'இந்தப் பச்சை காடல்ல' என்று எப்படிச் சொல்வது? தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம்கூட ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்ததுதான்.

சோலைக்குள் காலடி வைத்ததும் அந்தச் சங்கடம் தீர்ந்துவிட்டது. வெளியே சுள்ளென்று அடித்த வெயில் பத்தடிக்குள் மறைந்தது. மரங்கள் நெடிது உயராமல், தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு நின்றன. கிளையெல்லாம் பாசி, பாசியின்மேல் பெரணி, காலடியில் மெத்தைபோல் மக்கிய இலை. எங்கோ ஒரு நீலகிரிச் சிரிப்பான் பறவை கலகலவென்று நகைத்தது. என் வகுப்பில் ஒருநாளும் வாய் மூடாத இரண்டு பையன்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள்.

இரண்டு பக்கப் பிரசங்கம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். இச்சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ளது. சுற்றுப்புறக் கிராமங்கள் பலவற்றுக்கு ஜலம் தருவது. விறகுக்காக வெட்டுண்டு நலிந்த காலமும் இதற்கு உண்டு; உள்ளூர் அன்பர்கள் காவற்குழு அமைத்து வனத்துறையுடன் சேர்ந்து காப்பாற்றினார்கள். 1971-இல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு; 2024-இல் லாங்வுட் சோலையும் அதில் இடம்பெற்றது. இவ்வளவையும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஏனென்றால், அதற்குள் ஒரு பையன் கீழே கிடந்த பாசிக் கட்டியை எடுத்துப் பிழிந்தான். அவன் முழங்கை வழியே ஜலம் ஓடிற்று. மழை பெய்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அதன் பிறகு என் பிரசங்கத்தை யார் கேட்பார்கள்? அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார் வனக்காவலர்; அவன் பொன்னைப்போல் வைத்தான்.

வெளியே வந்ததும் எண்ணினேன். 33. மறுபடியும் எண்ணினேன். 33 தான். அந்தக் கணத்தில் என் மனத்தில் தோன்றியவற்றை எழுதப்போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு எழுத வேண்டியதுமில்லை. வந்த வழியே ஓடினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அதே சிறுமி, வேர்களுக்கிடையே கசிந்த ஓர் ஊற்றின் முன் குந்தியிருந்தாள். கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஸார், எங்கள் லயத்துக்குத் தண்ணீர் எந்தச் சோலையிலிருந்து வருகிறது?"

மாசி, பங்குனியில் அவள் வீட்டுக் குழாயில் ஜலம் வருவதில்லை என்பதும், அவளுடைய தாயார் சரிவில் இறங்கிக் குடம் சுமப்பதும் எனக்குத் தெரியும். காலையில் அவள் தாமதமாக வந்ததற்காகப் பெஞ்சின்மேல் நிறுத்தியவனும் நானே. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவ்வூரில் பூகோளம் போதிக்கிறேன்!

அடுத்த சனிக்கிழமை, பெற்றோர்களிடம் சொல்லிவிட்டு, லயத்தின் பின்னாலிருந்து மேலே செல்லும் கறுப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். தேயிலைச் செடிகளுக்கிடையே அது நுழைந்தும் மறைந்தும் ஏறியது. கடைசியில் ஒரு பள்ளம். பள்ளத்தில் சிமெண்டுத் தொட்டி. தொட்டியைச் சுற்றிப் பாசி படர்ந்த குட்டை மரங்கள், ஒரு வகுப்பறைக்குள் அடங்கும் அளவு. நான்கு புறமும் தேயிலை.

"இது காடு!" என்றாள் அந்தச் சிறுமி, என்னைத் திரும்பிப் பாராமலே.

பிள்ளைகள் மரங்களை எண்ணத் தொடங்கினார்கள். 41 என்றான் ஒருவன். இல்லை, அடியில் பிரிந்து நிற்பதை இரண்டாகக் கொண்டால் 43 என்றான் மற்றவன். தீர்ப்புச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். நானும் முதலிலிருந்து எண்ணினேன்.