ஆவடி காவல் ஆணையரகம்

ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கியது. சென்னைப் பெருநகரக் காவல்துறையை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வெளியிட்டார். அதன்படி ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாயின. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, செங்குன்றம், மணலி, எண்ணூர் முதலான பகுதிகள் ஆவடியின்கீழ் வந்தன. தொடக்கத்தில் 25 காவல் நிலையங்கள் இருந்தன. ஆவடி, செங்குன்றம் என இரு காவல் மாவட்டங்கள். முதல் ஆணையர் சந்தீப் ராய் ரத்தோர்.

புறநகருக்கென்று தனிக் காவல் அமைப்பு ஏற்படுவது இது முதல்முறையன்று. 2008இல் சென்னைப் புறநகர் காவல் ஆணையரகம் அமைக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் அது சென்னையுடன் இணைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குள் இப்பகுதியின் காவல் எல்லை மூன்று முறை மாற்றி வரையப்பட்டிருக்கிறது. இதனால் ஒரு விந்தையும் நேர்ந்தது. 2011இல் சென்னை மாநகராட்சியிலும் 2018இல் சென்னை மாவட்டத்திலும் சேர்க்கப்பட்ட அம்பத்தூர், காவலைப் பொறுத்தவரை இன்று ஆவடியைச் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர் சொத்துவரி செலுத்துவது சென்னைக்கு. காவல் ஆணையரிடம் முறையிட வேண்டுமானால் ஆவடிக்குச் செல்ல வேண்டும்.

பிரிவினைக்குச் சொல்லப்பட்ட காரணம் எளிது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின் வயல்களும் ஏரிக்கரைகளும் குடியிருப்புகளாயின. மக்கள்தொகை பெருகிய அளவுக்குக் காவல் நிலையங்களும் மேலதிகாரிகளும் பெருகவில்லை. ஆணையர் அருகில் இருந்தால் ரோந்தும் கண்காணிப்பும் விரைவாகும் என்பது அரசின் கணக்கு.

எல்லைக்கோட்டைவிட முக்கியமானது அதனுடன் வரும் அதிகாரம். மாவட்டக் காவலில் கண்காணிப்பாளர் ஒருவரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்க விரும்பினால் மாவட்ட ஆட்சியரின் ஆணை தேவை. ஆணையரகத்தில் அந்த ஆணையில் கையெழுத்திடுபவர் காவல் ஆணையரே. அம்பத்தூர்க்காரருக்கு 2022இல் மாறியது ஆணையர் மட்டும். ஆனால் திருவள்ளூர் மாவட்டக் காவலில் இருந்து வந்த வெள்ளவேடு, செவ்வாப்பேட்டை மக்களுக்கு, கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே துறையினராகிவிட்டனர். 1982ஆம் ஆண்டின் இச்சட்டப்படி விசாரணையின்றி 12 மாதங்கள்வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். ஆணையை 12 நாட்களுக்குள் மாநில அரசு ஏற்க வேண்டும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். இந்தப் படிகள் ஒருபுறம் இருக்க, முதல் கையெழுத்திலேயே ஒருவர் சிறைக்குள் இருப்பார்.

நன்னடத்தைப் பிணையும் இத்தகையதே. தொடர்ந்து குற்றம் செய்பவர் எனக் கருதப்படுபவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 129ஆம் பிரிவாக உள்ளது. தமிழ்நாட்டில் இந்த நிர்வாக நடுவர் அதிகாரம் 2013, 2014 அரசாணைகள் மூலம் காவல் துணை ஆணையர்களுக்குத் தரப்பட்டது. பத்திரம் வாங்குவதும், மீறினார் என்று தீர்மானிப்பதும், சிறைக்கு அனுப்புவதும் காவல்துறையின் கையிலேயே இருந்தன. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. நீதித்துறைக்குரிய பணியைக் காவலரிடம் கொடுப்பது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்பது அதன் முடிவு.

காவல் என்பது அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே நாடு தழுவிய சீர்திருத்தம் எதுவும் மாநிலங்களின் வழியாகவே வர வேண்டும். 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் பெருநகரங்களுக்கு ஆணையரக முறையைப் பரிந்துரைத்தது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு வழிகாட்டுதல்கள் மறுபக்கத்தைப் பேசின: புலனாய்வைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிப்பது, முக்கியப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு இரண்டாண்டுப் பணிக்கால உறுதி, காவலர்மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் போன்றவை. அதிகாரம் வழங்கும் பரிந்துரை விரைவாக நடப்புக்கு வந்தது. அதைக் கண்காணிக்கும் பரிந்துரை அரைகுறையாகவே வந்தது. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியபோதும், மாநிலப் புகார் ஆணையத்தின் தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் தரவில்லை. உள்துறைச் செயலரிடமே வைத்தது.