சுடரின் முழக்கமும் கணக்கின் நம்பகமும்

ஹைதராபாத்தின் அமீர்பேட், கணினிப் பயிற்சி மையங்களுக்குப் பேர்போன இடம். பொறியியல் முடித்த இளைஞர்கள் பல ஊர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கிறார்கள். காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும் மென்பொருள்களும் அங்கே கற்றுத்தரப்படுகின்றன. ஓர் எரியறையின் வடிவத்தைக் கொடுத்தால், உள்ளே சுடர் எரிவதைத் திரை வண்ணமயமாகக் காட்டும். அந்தச் சுடர் அடங்கி எரியுமா, முழங்கி அறையையே உடைக்குமா? இதற்குக் கணக்கு தரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பது இன்றும் கடினமான கேள்விதான்.

1859இல் ரைக்கே என்ற டச்சு அறிவியலாளர் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழ்ப்பாதியில் சூடேற்றிய கம்பிவலையை வைத்தார். குழாய் உரக்க ஒலித்தது. 1878இல் ரேலி பிரபு அடிப்படையை விளக்கினார்: காற்று அழுந்தும் நேரத்தில் வெப்பம் சேர்ந்தால் ஒலி வளரும், விரியும் நேரத்தில் சேர்ந்தால் தேயும். எரியறையில் ஒலி சுடரை அசைக்கிறது, அசையும் சுடர் வெப்பத்தை ஏற்றி இறக்குகிறது, அந்த வெப்பம் ஒலியை மேலும் வளர்க்கிறது. இதுதான் முழக்கம்.

நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5இன் எஃப்-1 எஞ்சின்கள் இந்த முழக்கத்தால் சோதனை மேடையிலேயே சிதைந்தன. கணக்கு கைகொடுக்காததால், எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சிறு குண்டுகளை வெடிக்கவைத்து, அது தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். முழு அளவுச் சோதனைகள் மட்டும் சுமார் 2,000. 1980 மே 23 அன்று ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட், வைக்கிங் எஞ்சின் ஒன்றில் எழுந்த இதே கோளாறால் வீழ்ந்தது. மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் நம் ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சின், அந்த வைக்கிங் குடும்பத்தில் பிறந்ததுதான்.

கணக்கு ஏன் தவறுகிறது? முழக்கம் எந்தச் சுருதியில் எழும் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடலாம். அறையின் நீளமும் உள்ளிருக்கும் வாயுவின் வெப்பநிலையும் அதைத் தீர்மானிக்கின்றன. எழுமா, எழாதா என்பதில்தான் சிக்கல். சுடர் ஒலிக்குள் செலுத்தும் ஆற்றல் ஒரு பக்கம். சுவரிலும் வாயிலிலும் ஒலி இழக்கும் ஆற்றல் மறுபக்கம். இரண்டும் பெரிய எண்கள், வித்தியாசமோ சிறியது. மாதம் 50,000 ரூபாய் வரவும் 49,000 ரூபாய் செலவும் உள்ள வீட்டில், வரவுக் கணக்கு நூற்றுக்கு மூன்று பிசகினாலே மிச்சம் கடனாகிவிடும், அப்படித்தான் இதுவும்.

நேரமும் முக்கியம். நொடிக்கு 500 முறை அதிரும் அறையில் ஓர் அதிர்வுக்கு இரண்டே மில்லிநொடி. ஒலி தொட்ட பிறகு சுடர் வெப்பத்தை மாற்ற எடுக்கும் தாமதத்தில் அரை மில்லிநொடி பிசகினால், முழக்கத்தை வளர்க்கும் சுடரை வளர்க்காத சுடர் என்று கணித மாதிரி சொல்லிவிடக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறு சலனங்களை அடக்கிவிடும் எரியறை, சற்றுப் பெரிய உந்துதல் கிடைத்தால் முழங்கத் தொடங்கலாம். சிறு சலனங்களை மட்டும் ஆராயும் கணக்கு இதைக் காணாது. சென்னை ஐஐடியில் ஆர்.ஐ.சுஜித்தின் குழு இதை ரைக்கே குழாயின் கணித மாதிரியிலேயே ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. கொந்தளித்து எரியும் அறைகளில், முழக்கம் நிலைபெறுவதற்கு முன்பே ஒழுங்கற்ற இரைச்சலுக்கு நடுவே ஒழுங்கான அதிர்வுகள் விட்டுவிட்டுத் தலைகாட்டுகின்றன என்பதை 2014இல் அதே குழு விளக்கியது. அழுத்தமானி பதிவுசெய்யும் இரைச்சலே முன்னெச்சரிக்கை ஆகிறது.

நச்சு வாயுவைக் குறைக்க எரிபொருளைக் குறைத்துக் காற்றைக் கூட்டி எரிக்கும் இன்றைய மின்நிலைய டர்பைன்களில் இந்த ஆபத்து அதிகம். அதனால் மாதிரியைச் சோதிக்கும் நேர்மையும் நமக்குத் தேவை. ஓர் அறையின் அளவீடுகளைக் கொண்டே திருத்திய மாதிரி, அதே அறைக்குச் சரியாக விடை சொல்வது முன்கணிப்பாகாது. அது காணாத அறைக்கும் பொருந்த வேண்டும். 'முழங்காது' என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. தாமதமும் இழப்பும் எவ்வளவு பிசகினால் அந்த விடை தலைகீழாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் மாதிரியை நம்பித்தான் எஞ்சினைப் பற்றவைக்க வேண்டும்.