பற்றைக் காணிக்கு டோசர்தான் வேண்டுமா?

முசலிப் பக்கம் நாலு ஏக்கர் காணி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் கடைக்கு வந்திருந்தார். "காக்கா, காணி முழுக்கப் பற்றை. டோசர்காரனுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் வெட்டவெளியாக்கித் தருகிறேன் என்கிறான். விலை பரவாயில்லையா?" என்று கேட்டார். நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. வாப்பாவின் காணிக் கதையைத்தான் சொன்னேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாம் வெளியேற்றப்பட்ட பிறகு அந்தக் காணியில் இருபது வருடம் கத்தி படவில்லை. 2010இல் போய்ப் பார்த்தபோது கிணற்றைக் கண்டுபிடிக்கவே அரை நாள் சென்றது. நாயுண்ணி, சூரை, இலந்தை என்று ஆள் நுழைய முடியாத பற்றை. நானும் டோசரைத்தான் பிடித்தேன். மூன்றாம் நாள் காணி விளையாட்டு மைதானம் மாதிரி இருந்தது. பிடுங்கியதை எல்லாம் ஒரு மூலையில் தள்ளி நெருப்பு வைத்தோம். அந்த வருட மாரி மழையிலேயே வெறும் தரையில் வாய்க்கால் விழுந்தது. வைத்த தென்னங்கன்றுகளில் பாதிகூடத் தப்பவில்லை. ஆனால் டோசர் தள்ளிய குவியலின் ஓரத்தில், யாரும் நடாமலே, பப்பாசியும் பூசணியும் கொழுத்து வளர்ந்தன. இருபது வருட இலை குழை உக்கிச் சேர்ந்த மேல்மண் முழுவதும் அந்த மூலையில்தான் கிடந்தது. என் முதலை ஒரு மூலையில் கொட்டுவதற்கு நானே கூலி கொடுத்திருக்கிறேன்.

இதற்கு மாற்று வழி ஒன்றை 2018இல் அவுஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் கண்டேன். பொப்கட் போன்ற ஒரு சிறிய இயந்திரம். முன்பக்கத்தில் உருளை ஒன்று. அதைச் சுற்றி கடும் உலோகப் பற்கள். உருளை வேகமாகச் சுழன்றபடி பற்றையின் மேல் இறங்குகிறது. நிற்கிற செடியும் சிறு மரமும் நின்ற இடத்திலேயே துண்டு துண்டாகி, அதே இடத்தில் பரவி விழுகின்றன. மல்ச்சர் என்கிறார்கள். பிடுங்குவதில்லை, தள்ளுவதில்லை, எரிப்பதில்லை. வேர் மண்ணுக்குள்ளேயே இருந்து மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மேலே விழுந்த தூள் மழையின் அடியைத் தாங்குகிறது, வெயிலில் ஈரம் போகாமல் காக்கிறது, மெல்ல உக்கிப் பசளையாகிறது. வருட மழையில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்து, பிறகு மாதக் கணக்கில் வரண்டு கிடக்கும் நம் பிரதேசத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

குறைகளையும் சொல்ல வேண்டும். சிறிய இயந்திரம் ஆறு, எட்டு அங்குல மொத்தம் வரையிலான மரத்துக்குத்தான் தோதானது. கல்லில் பட்டால் பல் உடையும், முட்கம்பி சிக்கினால் வேலை நிற்கும். மரத்துண்டுகள் துப்பாக்கிச் சன்னம் போல் பறப்பதால் 300 அடிக்குள் ஆட்கள் நிற்கக்கூடாது என்பார்கள். எல்லாவற்றையும் விட, அடிக்கட்டை சாவதில்லை. சீமைக்கருவேல் போன்றவை திரும்பவும் தளிர்க்கும். அடுத்த மாரிக்குப் பின் ஆள் வைத்துத் தளிரை வெட்டாவிட்டால் செலவழித்த காசு வீண். வீட்டுக்கு அத்திவாரம் போடும் இடத்திலும் வயலிலும் கட்டையை எடுத்தே ஆக வேண்டும். அங்கே பெக்கோதான் சரி.

இந்த இயந்திரம் நம் ஊர்களில் கூப்பிட்ட உடனே வரக்கூடியதல்ல. ஆனால் அதன் தத்துவத்துக்கு இயந்திரம் கட்டாயமில்லை. என் மச்சான் தன் ஒன்றரை ஏக்கரில் புல் வெட்டும் மெஷினையும் கைக்கோடரியையும் வைத்தே செய்தார். தரையோடு தறித்து, கிளைகளைச் சிறு துண்டாக்கி, அங்கேயே பரப்பினார். நாட்கூலி கூடத்தான். ஆனால் மண் போகவில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பரப்பு மூன்று, நாலு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கன்றின் அடியில் ஒட்டிக் கிடக்கவும் கூடாது, கறையான் வரும். பச்சை மரத்தூளை உடனே உழுது மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டாம். அது உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். மேலே கிடந்து தானாக உக்கட்டும்.

எதைக் கொண்டு வெட்டுவதானாலும் அதற்கு முன் பார்க்க வேண்டிய சங்கதிகள் உண்டு. யுத்தம் நடந்த பகுதியானால் மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் கத்தியைக்கூட எடுக்க வேண்டாம். பாழ்க்கிணறு எங்கே என்று பழைய ஆட்களிடம் கேட்டுக் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். பலா, பனை நின்றால் அனுமதியில்லாமல் தறிக்காதீர்கள்.

அடுத்தது எல்லை. வருடக் கணக்கில் பற்றை மூடிய காணி அதிகாரிகளின் கண்ணுக்குக் காடாகத்தான் தெரியும். 2012இல் வர்த்தமானியில் காடாக அறிவிக்கப்பட்ட எல்லைகளுக்குள் தம் காணிகளும் அகப்பட்டுவிட்டதாக முசலியில் மீள்குடியேறிய பலர் முறையிட்டதை நாம் அறிவோம். உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இருந்தாலும், நில அளவை வரைபடத்தோடு எல்லைக் கல்லைப் பார்த்து, கிராம உத்தியோகத்தருக்கும் வனபரிபாலனத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டு இறங்குவதே புத்தி. டோசர்காரனுக்கு இதெல்லாம் கவலையில்லை. அவனுக்கு மணித்தியாலக் கணக்குத்தான். வழக்கு வந்தால் காணிக்காரன் பெயரில்தான் வரும்.

வந்த வாசகர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, டோசர்காரனுக்கு போன் போட்டு ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். காணியின் வரைபடம் எங்கே என்று கேட்டேன். உம்மாவின் பெட்டிக்குள் இருக்கலாமாம்.