பழைய வீட்டைத் திருத்த: முதலில் கூரை, கடைசியில் நிறம்

இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்களுக்கு மிஞ்சியிருந்தவை சுவர்களும் பாதிக் கூரையும்தான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். அதற்குக் கடன் வேண்டும். நுண்கடன் தவணையில் தவிக்கும் குடும்பங்களை வடக்கில் நாள்தோறும் பார்க்கிறோம். ஆகவே கையிலுள்ள பணத்துக்கேற்ப, ஒவ்வொரு மாரிக்கும் முன் ஒரு வேலை என்று திருத்தினோம். இதில் வேலைகளின் ஒழுங்கு முக்கியம்.

முதலில் கூரை. ஒழுக்கு நிற்காவிட்டால் சுவரில் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது. பனை வளைகளைத் தட்டிப் பார்த்தோம். வைரமானவற்றை வைத்துக்கொண்டு, உக்கிய சிலாகைகளையும் உடைந்த ஓடுகளையும் மட்டும் மாற்றினோம். உங்கள் கூரை அஸ்பெஸ்ரஸ் என்றால் தகடுகளை அறுக்கவோ நொறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழுதாகக் கழற்றுங்கள்.

அடுத்தது சுவர். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் பல சுண்ணாம்புக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அந்தச் சுவர் நிலத்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே உலரவிடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சுக் கழன்று விழும். அதனால் செல் துண்டுகள் பெயர்த்த இடங்களைச் சுண்ணாம்பும் மணலும் குழைத்தே பூசுவித்தோம். இந்த வேலை தெரிந்த வயதான மேசன்மாரை ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

நிறம் கடைசி. பூச்சு நன்றாகக் காய்ந்தபின், பெயின்றுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வெள்ளை அடித்தோம். செலவு குறைவு, சுவரின் ஈரமும் தடைப்படாது. பழைய கதவு நிலைகளைச் சுரண்டி எண்ணெய் பூசியதுதான் எங்கள் அலங்காரம்.

நான்கு வருடம் எடுத்தது. அப்பப்பா கட்டிய சுவர்கள் நிற்கின்றன. தவணை கேட்டு எவரும் படலைக்கு வருவதில்லை.