காலிச் சாக்கில் உருளைக்கிழங்கு

முளைவிட்ட உருளைக்கிழங்கை முன்பெல்லாம் கழிவில் கொட்டுவோம். இப்போது அதையே "விதைக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறார்கள். மாடியில் சாக்கில் மண் நிரப்பி நடுவதற்காம். நம் உறுப்பினர்களும் பாதி விலைக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு, "உங்கள் கிழங்கு அழுகிவிட்டது" என்று வாடிக்கையாளர் குறைப்படும்போது பதில் சொல்லத் தெரிவதில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்திருந்தால் இந்தப் பேச்சே வராது.

தோண்டியெடுத்த கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியும் புதுக்கிழங்கை மண்ணில் வைத்தால் முளைக்காமலே அழுகும். ஆக்ரா பக்கத்துச் சரக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டப்பட்டுக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் இருந்து, அக்டோபர், நவம்பர் வரை வெளிவருகிறது. அதற்கு உறக்கம் தீர்ந்துவிட்டது. நம் ஊர் வெப்பத்தில் சில நாட்களிலேயே முளை தள்ளும். சிப்ஸுக்கென 10, 12 டிகிரியில் வைத்து முளை தடுக்கும் மருந்துப் புகை காட்டிய சரக்கு மட்டும் விதைக்கு உதவாது.

நீலகிரிக் கிழங்கு சமையலுக்கு முதல்தரம். ஆனால் விதையாகக் கொடுக்க வேண்டாம். 1961ல் அங்கே தங்கநிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகத் தடை வந்தது. உண்பவருக்கு அந்தப் புழுவால் தீங்கில்லை. ஆனால் அதன் முட்டைக்கூடு கிழங்கிலும் சாக்கிலும் ஒட்டிய மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே மலையூர்களில் கடை வைத்திருப்போர், ஊட்டி மண் ஒட்டிய காலிச் சாக்கையும் நடவுக்குக் கொடுக்கக்கூடாது.

அடுத்தது பருவம். இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். கோவை, ஓசூர் பக்கம் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதிக்குள் நட்டுவிட வேண்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் செடி செழிப்பாக வரும். கீழே கோலிக்குண்டு அளவில் நாலு கிடைக்கலாம். சித்திரையில் நடுகிறேன் என்று வருபவரிடம், ஐப்பசியில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

சணல் சாக்கு ஒரு பருவம் தாங்கும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நூல் நூலாக உதிரும். சிமெண்டுச் சாக்கு என்றால் நன்றாக அலசிவிட வேண்டும், சுண்ணாம்புத்தன்மை இருந்தால் கிழங்கில் சொறி விழும். அடியில் நாலைந்து துளை போட்டு, வாயைக் கீழே மடித்துவிட்டு, மண்ணும் மக்கிய எருவும் கலந்து மூன்றில் ஒரு பங்கு நிரப்ப வேண்டும். முட்டை அளவுக் கிழங்கு மூன்றை முளை மேலே பார்க்க வைத்து நாலு விரற்கடை மண் மூடினால் போதும். செடி ஒரு சாண் வளர வளர, மடிப்பைப் பிரித்து மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும். ஈரம் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது.

சாக்கு நிறையக் கிழங்கு வரும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் விதையைச் சுற்றித்தான் பிடிக்கும். மேலே அணைக்கும் மண் வெயில் படாமல் காப்பதற்கே. இரண்டு கிலோ வந்தால் நல்ல விளைச்சல். எரு, மண், தண்ணீர் எல்லாம் கணக்கிட்டால் நம் கடை விலையே மலிவு. ஆகையால் வியாபாரம் போய்விடும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துச் சாக்கைக் கவிழ்க்கலாம்.

வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்கக்கூடாது. பச்சை நிறம் தீங்கல்ல. அதோடு சேர்ந்து ஊறும் சோலனின் என்ற நஞ்சுதான் கெடுதல், வேகவைத்தாலும் அது போகாது. இது நம் கடைக்கும் பொருந்தும். வாசலில் வெயில் படக் குவித்த சரக்கும், இரவெல்லாம் டியூப் லைட்டின் கீழ் கிடக்கும் சரக்கும் பச்சை கட்டும். கடை சாத்தும்போது குவியல் மேல் ஒரு சணல் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். பச்சையானதைப் பொறுக்கித் தனியே எடுங்கள்; நல்ல கிழங்கோடு கலந்து நிறுத்துவிட வேண்டாம். முளையிருந்தால் விதைக்குத் தரலாம், நடுவதற்குப் பச்சை ஒரு தடையில்லை.