நீல முட்டையிலிருந்து வர்ற காடை நீல முட்டை போடுமா?

இன்னிக்கு எபிசோடு காடை பத்தி. பிரியாணி இல்ல, நீல முட்டை போடுற காடை.

நம்ம ஊர் பண்ணைகள்ல வளர்க்கிறது ஜப்பானியக் காடை. முட்டை 10, 12 கிராம்தான் இருக்கும். வெளிர் பழுப்பு ஓடு, மேல கருப்பா திட்டுத் திட்டா. அதே இனத்துல சில காடைங்க வெளிர் நீலமா முட்டை போடும். அதுக்கு செலடான்னு பேரு. சீனா, கொரியாவுல செய்யற நீலப்பச்சைப் பீங்கானோட பேரு அது. அமெரிக்காவுல வீட்டுல காடை வளர்க்கிறவங்ககிட்ட இதுக்கு நல்ல மவுசு.

பலரும் நினைக்கிறது: நீல முட்டையா வாங்கி இன்குபேட்டர்ல வெச்சா, பொரிக்கிற பெட்டை எல்லாம் நீல முட்டை போடும். அப்படி இல்ல!

ஏன்? ஓட்டுக்கு நிறம் தர்றது ரெண்டு நிறமி. புரோட்டோபோர்ஃபிரின் பழுப்பு, பிலிவெர்டின் நீலப்பச்சை. ரெண்டும் தாயோட உடம்புல ஓடு உருவாகும்போதே சேர்ந்துடும். அதனால ஓட்டு நிறம் அம்மாவோட ஜீனைத்தான் காட்டும். உள்ள இருக்கிற குஞ்சுக்கு அதுல பங்கே இல்ல.

செலடான் ஒரு ஒடுங்கு பண்பு. அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு காப்பி கிடைச்சாதான் நீலம். நீல முட்டையில வந்த குஞ்சுக்கு அம்மா தந்த ஒரு காப்பி உறுதி. அப்பா? ஆண் காடை முட்டையே போடாது. பார்த்து எப்படிச் சொல்றது?

டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும். அந்த ஆணை நீல முட்டை போடுற பெட்டைங்களோட மட்டும் விடுங்க. மகள்ல ஒண்ணு பழுப்பு முட்டை போட்டாலும் அப்பாகிட்ட ரெண்டு காப்பி இல்லன்னு அர்த்தம். அப்பாகிட்ட ஒரே காப்பி இருந்தா ஒவ்வொரு மகளுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அஞ்சு மகளும் தற்செயலா நீலமே போட 32-ல ஒரு வாய்ப்புதான். அஞ்சும் நீலம்னா ஓரளவு நம்பலாம். காடை 17, 18 நாள்ல பொரிக்கும், ஆறேழு வாரத்துல முட்டைக்கு வரும். ரெண்டு, ரெண்டரை மாசத்துல ரிசல்ட் கையில!

இப்போ முக்கியமான விஷயம். பழுப்பு முட்டை போடுற மகள்களை வேஸ்ட்னு கழிச்சிடாதீங்க. அவங்ககிட்டயும் ஒரு செலடான் காப்பி ஒளிஞ்சிருக்கு. ரெண்டு காப்பி உள்ள ஆணோட சேர்த்தா, பொரிக்கிற பெட்டைங்கள்ல சராசரியா பாதி நீல முட்டை போடும்.

நீலத்தை மட்டுமே வெச்சுக்கிட்டு அண்ணன் தங்கச்சிக்குள்ளயே இனப்பெருக்கம் பண்ணினா, காடை சீக்கிரமே அடி வாங்கும். பொரிப்பு குறையும், குஞ்சு சாகும். அதனால சொந்தமில்லாத சாதாரணக் காடையை அப்பப்போ உள்ள கொண்டு வரணும். அந்தத் தலைமுறை முழுக்கப் பழுப்பா முட்டை போடும். பதறாதீங்க, அடுத்த தலைமுறையில நீலம் திரும்ப வரும்.

தீவனத்தை மாத்தி நீலம் வரவைக்க முடியாது. நீல முட்டைக்குத் தனிச் சத்தும் கிடையாது. உடைச்சு ஊத்தினா ரெண்டும் ஒரே ஆம்லெட்தான். யாராவது நீல முட்டையைக் காட்டி அதிக விலை சொன்னா, ஒரே கேள்வி கேளுங்க: "அப்பாவை டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

அடுத்த எபிசோடுல பார்ப்போம். பை!