காரணமும் விளைவும்

காரணத்தையும் விளைவையும் இணைக்கும் சொற்களைக் காஞ்சிபுரப் பட்டுத்தறி வழியாக அறிவோம்.

"மரபான கோர்வைச் சேலையின் உடலையும் இருபுறக் கரைகளையும் நெய்ய மூன்று நாடாக்கள் ஓடுகின்றன, ஆகவே, நெசவாளருக்கு உதவியாளர் தேவை." இங்குக் காரணம் முன்னும் விளைவு பின்னும் நிற்கின்றன. எனவே, ஆதலால் என்பனவும் இவ்வாறே வரும். "நெசவாளருக்கு உதவியாளர் தேவை, ஏனெனில், நாடாக்கள் மூன்று." இங்கு விளைவு முந்த, காரணம் பிந்துகிறது.

இணைப்புச்சொல் வந்துவிட்டதனாலேயே காரணம் உண்மையாகிவிடாது. "சேலை பளபளக்கிறது, எனவே, இது கைத்தறி" என்பது பிழை. விசைத்தறிச் சேலையும் பளபளக்கும். இதனை நம்புபவர் பணத்தை இழப்பார். கைத்தறி நெசவாளரோ பிழைப்பையே இழப்பார். 'எனவே' என்று எழுதுமுன், முன்னது பின்னதற்கு உண்மையான காரணமா என வினவுக.